போர்டு இறங்கிய தேதி

முருகன் துணை

சிலிபின், ஈப்போ
18.2.2025

மதிப்பிற்குரிய செகப்பி ஆச்சி அவர்களுக்கு, உங்கள் சிலிபின் வீட்டில் குடியிருக்கும் பத்துமலை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரிகள் எல்லாம் வலது பக்கம் இறங்கிப் போகின்றன. நாற்பது வருஷம் ரப்பர்ப் பால் மரத்தில் இடமிருந்து வலமாகச் சரித்துக் கோடு வெட்டிய கை. கோடு போட்ட தாளில் எழுதினாலும் அந்தச் சரிவு போகமாட்டேன் என்கிறது. ஒரு எழுத்து பெரிதாகவும் அடுத்தது சின்னதாகவும் இருக்கும். இந்த ஒரு கடிதத்துக்கு மூன்று சாயங்காலம் ஆகியிருக்கிறது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நீங்கள் நலமா? மகன் அழகு சாரும் மருமகளும் நலமா? இங்கே நானும் மகள் துளசியும் நலம். துளசிக்குக் கையுறை பேக்டரியில் இந்த மாதம் பகல் வேலை.

பதினொரு வருஷமாக மாதம் ஐந்தாம் தேதி உங்களுக்கு வாடகை வருகிறது. கடிதம் வந்ததில்லை. எழுதத் தெரியாததுதான் காரணம். போன வருஷம் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்குச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு ஆரம்பித்தார்கள். நடத்துகிறவர் புஷ்பலதா டீச்சர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றிருக்கிறார், அதட்டலிலிருந்து இல்லை. எனக்கு எழுபத்தொரு வயது. வகுப்பில் நான்தான் மூத்தவன். தைப்பூசம் முடிந்ததும் டீச்சர் சொன்னார்: "எல்லாரும் ஒரு நெசமான கடுதாசி எழுதி, ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில போடணும். எனக்கு எழுதினா வாங்க மாட்டேன்."

யாருக்கு எழுதுவது? பீடோர் பக்கத் தோட்டத்தில் என்னோடு மரம் வெட்டியவர்களில் பாதிப் பேர் இல்லை. இருக்கிறவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. என்னிடம் இருந்த ஒரே விலாசம், வாடகை ஒப்பந்தத்தில் இருந்த உங்கள் விலாசம்தான். அதனால்தான் இந்தத் தொந்தரவு.

ஆச்சி, வாசிக்கத் தெரிந்ததும் ரோடே மாறிவிட்டது. முன்பு நம் வரிசையில் நடந்தால் கேட்டுகள் மட்டும் தெரியும். இப்போது கேட்டில் தொங்குவதெல்லாம் பேசுகிறது. அதிகமாகப் பேசுவது வாடகை போர்டுதான். தமிழில் "வீடு வாடகைக்கு". மலாயில் "டிசேவா" என்று இருந்தால் அதுவும் அதுவேதான், அந்த எழுத்தின் உருவத்தை டீச்சர் காட்டிவிட்டார். 8ஆம் நம்பர் வீடு எண்ணூறு வெள்ளி. 14ஆம் நம்பர் தொள்ளாயிரம். எல்லாம் நம் வீட்டைப் போல மூன்று அறை வீடுகள். நாங்கள் நானூற்று ஐம்பது கொடுக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு நடுரோட்டில் சிரிப்பு வருகிறது. பாதி விலை!

முன்னறை நீங்கள் பூட்டிவிட்டுப் போனபடியே இருக்கிறது. மறைந்த செட்டியார் ஐயாவின் அலமாரி உள்ளே பத்திரம். கதவடியில் கறையான் மருந்து அடித்திருக்கிறேன்.

உங்கள் பதில் வந்தால் அதை நானே வாசிப்பேன்.

இப்படிக்கு
பத்துமலை


சிவமயம்

கோலாலம்பூர்
9.3.2025

தம்பி பத்துமலைக்கு, செகப்பி ஆச்சி நலம் கூறி, உங்கள் இருவர் நலமும் அறிய விரும்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று இந்த வீட்டில் அதுதான் பேச்சு. பதினேழாவது மாடிக்குக் கைப்பட எழுதிய கடிதம் வந்து எத்தனையோ வருஷமாகிறது. கீழே காவலுக்கு இருக்கும் பையன் இது என்ன என்று திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். என் இரண்டு கண்ணிலும் புரை. எழுத்து புகை மூட்டத்துக்குள் இருப்பது போலத் தெரிகிறது. ஆகவே அழகுதான் சத்தமாக வாசித்துக் காட்டினான். இதை நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். உங்கள் வரிகள் சரிந்திருப்பதாக அழகு சொன்னான். அதனால் என்ன, எல்லா எழுத்தும் இருக்கிறதே.

எனக்குச் சில விவரம் வேண்டும். முன்னறை ஜன்னலில் காலை வெயில் இன்னும் விழுகிறதா, எதிரே யாராவது மாடி கட்டிவிட்டார்களா? பின்னால் குளியலறைப் படி பழையபடி உயரம்தானா? வழுக்குகிறதா?

வாடகை விவரமும் எழுதுங்கள். அழகு ஆர்வமாகக் கேட்டான். எனக்கும் பொழுது போகும்.

துளசிக்கு என் ஆசி.

செகப்பி


முருகன் துணை

சிலிபின்
23.3.2025

வணக்கத்துக்குரிய ஆச்சி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் துளசி உதவி இல்லாமல் வாசித்தேன். "புகை மூட்டம்" என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றேன். வாசித்து முடித்ததும் துளசியை உட்கார வைத்து அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். என் வாயிலிருந்து எழுத்து வருவதை என் மகள் கேட்டது அன்றுதான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ஆனால் ஒரே சட்டையை இரண்டு தடவை மடித்தாள்.

உங்கள் கண் சீக்கிரம் தெளிய வேண்டும்.

முன்னறை ஜன்னலில் ஏழரை மணிக்கெல்லாம் வெயில் விழுகிறது. எதிரே மாடி இல்லை. குளியலறைப் படி பழைய உயரம்தான். வழுக்காமல் இருக்கக் கோணிச் சாக்கு போட்டிருக்கிறேன்.

அழகு சார் கேட்டார் என்றதும் நானே தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியார் ஆகிவிட்டது போல இருந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். காலையில் ஒரு மணி நேரம் நடந்து, பார்த்த போர்டை எல்லாம் எழுதுகிறேன். அர்ச்சுனன் மளிகைக் கடைச் சுவரில் சீட்டு ஒட்டுவார்கள், அதையும் விடுவதில்லை. அர்ச்சுனன் கேட்டான்: "மாமா, இத்தன சீட்டும் படிச்சு வீடு எடுக்கப் போறீங்களா, இல்ல பரீட்சையா?" பரீட்சைதான் என்றேன்.

போன தீபாவளிக்கு அறுநூற்று ஐம்பது கேட்ட வீட்டுக்கு இப்போது எழுநூற்று ஐம்பது கேட்கிறார்கள் என்று அர்ச்சுனன் சொல்கிறான். கோலாலம்பூரில் வாடகை கட்டுப்படியாகாமல் ஈப்போவுக்குத் திரும்பும் பிள்ளைகள் அதிகமாம். கம்ப்யூட்டர் இருந்தால் வேலையை இங்கிருந்தே செய்கிறார்களாம். மூலை வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டார்கள். சனி ஞாயிறில் சிங்கப்பூர் நம்பர் கார் எல்லாம் நிற்கிறது. ஒரு ராத்திரிக்கு இருநூற்று இருபது வெள்ளி, ஆச்சி! எங்கள் வாடகையில் பாதி, ஒரு தூக்கத்துக்கு!

நம் வீட்டுக்குப் போன மாதம் வெளிச்சுவர் பூசினேன். கேட்டுக்குப் பச்சைப் பெயிண்டு அடித்தேன். ஒரு ஆள் நின்று பார்த்து, "அங்கள், இந்த வீடு ஆயிரம் போகும்" என்றான். உங்களுக்குப் பெருமையாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்
பத்துமலை


கோலாலம்பூர்
21.4.2025

திரு. பத்துமலை அவர்களுக்கு,

வணக்கம். நலம் என நம்புகிறேன். அம்மாவின் சார்பாக இதை எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய விவரங்கள் மிகவும் உதவியாக இருந்தன. அவற்றின்படி பார்த்தால் நம் வீட்டு வாடகை பதினொரு வருடமாக மாறாமல் இருப்பது சரியாகப் படவில்லை. முன்னறையையும் காலி செய்து சேர்த்துக் கொடுத்தால் மாதம் ஆயிரம் வெள்ளி என்று ஒரு ஏஜன்ட்டும் சொல்கிறார். ஜூன் முதல் ஆயிரம் வெள்ளிக்கு நீங்களே தொடரலாம். முடியாவிட்டால் ஜூலை 31க்குள் வீட்டை ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை பழைய வாடகையே போதும். முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.

தவறாக எண்ண வேண்டாம்.

அழகு சொக்கநாதன்


முருகன் துணை

சிலிபின்
30.4.2025

வணக்கத்துக்குரிய ஆச்சி அவர்களுக்கு,

நலமா? கண் எப்படி இருக்கிறது?

சாருடைய கடிதம் டைப் அடித்து வந்தது. டைப் எழுத்து வாசிக்கச் சுலபம். ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன். பிறகு துளசி வந்ததும் அவளுக்கும் வாசித்தேன். இந்தத் தடவை அவள் துணி மடிக்கவில்லை.

"அப்பா, மீன்காரன்கிட்ட போயி, பக்கத்துக் கடையில மீன் வெல கூட, நீ ஏன் கம்மியா விக்கிறேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

"நான் ஆச்சி பொழுது போகட்டும்னு எழுதினேன்மா."

"நல்லா போச்சு பொழுது. பெயிண்டு வேற அடிச்சு வச்சிருக்கீங்க! ஆயிரம் போகும்னு அவன் சொன்னதையும் எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"எழுதப் படிக்கத் தெரியாம இருந்தப்ப நானூத்தி அம்பது. தெரிஞ்சதும் ஆயிரம். டீச்சருக்கு என்ன பீஸ்பா கட்டுனீங்க?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. நான் எப்படி இதைச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். தோட்டத்தில் லயத்து வீட்டுக்கு வாடகை என்ற பேச்சே கிடையாது. வேலை இருக்கும் வரை வீடு. வேலை போனால் வீடு போகும், நடுவில் விலை என்று ஒன்று இல்லை. எனக்கு அறுபது வயது வரை வீட்டுக்கு விலை தெரியாது. ஆகவே இந்த வாடகை எல்லாம் எனக்கு வேடிக்கை பார்க்கும் பொருளாக இருந்தது. அது என் தலைக்கு மேல் இருக்கும் கூரையின் விலை என்று தோன்றவே இல்லை.

ஆச்சி, துளசி சம்பளத்தில் ஆயிரம் முடியாது. இரண்டு பேரும் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். அறுநூறு வரை தருவோம். முன்னறை எங்களுக்கு வேண்டாம், பூட்டியே இருக்கட்டும். இந்தக் கடிதத்தைச் சார் வாசித்தாலும் பரவாயில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் எழுதித்தானே அவருக்குத் தெரிந்தது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
பத்துமலை


முருகன் துணை

சிலிபின்
8.6.2025

வணக்கத்துக்குரிய ஆச்சி அவர்களுக்கு,

ஏப்ரலில் எழுதியதற்குப் பதில் இல்லை. மே முழுவதும் தபால்காரரைப் பார்த்தேன். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நாங்கள் வீடு தேடுகிறோம். துளசி போனைப் பிடிக்க, நான் நோட்டிலிருந்து நம்பர் வாசிக்கிறேன். இதுவரை ஒன்பது இடம். வேலை என்ன, எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னாலேயே ஐந்து பேர் என்ன இனம் என்று கேட்டார்கள். சொன்னதும் வீட்டுக்காரர் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை என்று மரியாதையாகவே சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். அந்த ஐந்தையும் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். போர்டு தொங்கும், ஆனால் எங்களுக்கு அங்கே வீடு இல்லை. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு பிளாட் கிடைக்கும் போல இருக்கிறது. ஐந்நூற்று ஐம்பது. நாலாவது மாடி, லிப்ட் இல்லை. என் முட்டி என்ன சொல்லும் என்று தெரியவில்லை. வகுப்புக்கு நடந்து வர முடியாது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. என் கணக்கில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. போன மாதம்தான் கண்டுபிடித்தேன். அதைத் திருத்தாமல் விட்டால் கிராணி வேலைக்கே அவமானம்.

நான் போர்டு ஏறிய விலையை மட்டும் எழுதினேன். போர்டு இறங்கிய தேதியை எழுதவில்லை. இறங்கும்போது என்ன விலை என்பதையும் எழுதவில்லை.

14ஆம் நம்பரில் தொள்ளாயிரம் என்று தைப்பூசத்துக்கு முன் ஏறிய போர்டு இன்னும் தொங்குகிறது. வெயிலில் சிவப்பு எழுத்து ரோஸ் ஆகிவிட்டது. உள்ளே புல் முட்டி உயரம். கொசு மருந்து அடிக்கிறவர்கள் வந்து எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். அதையும் வாசித்தேன். 8ஆம் நம்பர் எண்ணூறுக்கு ஏறி, இரண்டு மாதம் தொங்கி, எழுநூறு என்று மாற்றிய நாலாம் நாள் இறங்கியது. குடி வந்த அம்மாவிடமே கேட்டேன். "எண்ணூறு யாரு குடுப்பா அங்கள்? எழுநூறுன்னதும் ஓடி வந்தோம்லா" என்றார். ஹோம்ஸ்டேயும் பள்ளி விடுமுறையில்தான் நிரம்புகிறது. மற்ற நாளில் அந்த வீட்டில் தூங்குவது ஒரு பூனை.

பதினேழு வீடு பார்த்தேன். மூன்று அறை வீடு எழுநூறு என்றால் ஒரு வாரத்தில் போர்டு இறங்குகிறது. எண்ணூறு என்றால் இரண்டு மூன்று மாதம். அதற்கு மேல் என்றால் போர்டுதான் குடியிருக்கிறது.

இதை எங்களுக்குச் சாதகமாக எழுதுகிறேன் என்று சார் நினைக்கலாம். முதலில் எங்களுக்குப் பாதகமாக எழுதியதும் நான்தான். இரண்டும் ஒரே நோட்டில் இருக்கிறது.

உங்கள் நலம் நாடும்
பத்துமலை


சிவமயம்

கோலாலம்பூர்
26.6.2025

தம்பி பத்துமலைக்கு,

இது நானே எழுதுவது. மே மாதம் ஒரு கண்ணிலும் இந்த மாதத் தொடக்கத்தில் மறு கண்ணிலும் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாள் எழுத்துப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் தாமதம். இப்போது உங்கள் நாலு கடிதத்தையும் எடுத்து நானே வாசித்தேன். வரிகள் நிஜமாகவே சரிகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது.

ஏப்ரல் கடிதத்தை அழகு எனக்கு வாசித்தபோது சீக்கிரம் முடிந்துவிட்டது. இன்று வாசித்தால் இரண்டு பக்கம் இருக்கிறது.

அவன் ஆயிரம் என்று எழுதியது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். கேட்டான், சரி என்றேன். நீங்கள் எழுதிய விலைகளைக் கேட்டுவிட்டுத்தான் சரி என்றேன்.

சில விவரம் கேட்கிறேன். குளியலறைப் படியை அளந்து எழுதுங்கள். கோயிலுக்கு இப்போதும் நடந்து போகலாமா, ரோட்டில் கார் அதிகமா? கிளினிக் பக்கத்தில் உண்டா? சமையல் கேஸ் தோம்பு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்களா?

இன்னொன்று. ஒரு ஆள், வயதானவர், தனியாகச் சமைத்துக்கொள்வார். ஒற்றை அறை என்ன வாடகை போகும்? தெரிந்தவர் ஒருவர் கேட்கிறார்.

செகப்பி


முருகன் துணை

சிலிபின்
6.7.2025

வணக்கத்துக்குரிய ஆச்சி அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. கண் தெளிந்ததற்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்தேன். உங்கள் நட்சத்திரம் தெரியாததால் சாமி பெயருக்கே செய்துவிட்டேன்.

குளியலறைப் படி ஒரு சாண் நாலு விரல். கோயிலுக்கு நடந்தே போகலாம். காலை ஏழிலிருந்து எட்டு வரை பள்ளிக்கூடக் கார்கள், அதை விட்டால் ஒன்றுமில்லை. கிளினிக் மூன்றாவது ரோட்டில். கேஸ் தோம்பு அர்ச்சுனன் கடை ஆள் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து மாட்டியும் கொடுப்பான்.

ஒற்றை அறை இருநூற்று ஐம்பது. அந்த விலைக்கு உடனே போகிறது. ஆனால் ஆச்சி, அறை விடுகிறவர்கள் வேலைக்குப் போகிற பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள். நாலு சீட்டில் "சமையல் கூடாது" என்றே எழுதியிருக்கிறது. வயதானவர் என்று ஒரு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். "விழுந்துட்டா யாரு பாக்குறது அங்கள்?" என்றார்கள். உங்களுக்குத் தெரிந்தவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை ஏஜன்ட் வீடு பார்க்க ஆள் கூட்டி வந்தார். யுகேந்திரன் என்று ஒரு தம்பி, அவர் மனைவி, அம்மா. நல்ல மனிதர்கள். நான்தான் அறை அறையாகக் காட்டினேன். பச்சைக் கேட்டு அவர்களுக்கு மிகவும் பிடித்தது. ஆயிரம் அதிகம் என்று இழுத்துப் பேசி அரை மனதாக ஒப்புக்கொண்டார்கள். ஏஜன்ட் ஆகஸ்டு ஒன்றாம் தேதி என்றதும் அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஆகஸ்டு ஒண்ணா? ஆடியாச்சே! ஆடியில நாங்க பால் காய்ச்ச மாட்டோம்."

"ஆண்ட்டி, ஒரு மாசம் வீடு காலியா கெடந்தா ஓனர் சும்மா இருப்பாரா?"

"அப்ப ஓனரையே ஆடியில குடி வரச் சொல்லுங்கலா."

ஏஜன்ட் சாருக்குப் போன் போட்டார். ஆவணி பிறக்கும் வரை எங்களையே இருக்கச் சொல்லிவிட்டார் சார். எங்களுக்கும் ஆடியில் வீடு மாறுவது இல்லை என்பதால் நிம்மதி. நாலாவது மாடி பிளாட்டுக்காரர் ஆகஸ்டு 10 வரை பொறுக்கிறேன் என்றிருக்கிறார். அதற்குள் முன்பணம் கட்ட வேண்டும். வீடு உங்கள் பெயரில் இருப்பதால் யுகேந்திரன் ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்துதான் வேண்டுமாம். ஆடி முடிந்ததும் போடுவீர்கள் என்றார் ஏஜன்ட்.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். எங்கள் அறுநூறைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அதனால் நானும் திரும்பக் கேட்கவில்லை.

பத்துமலை


சிவமயம்

கோலாலம்பூர்
24.7.2025

தம்பி பத்துமலைக்கு, செகப்பி எழுதுவது.

என் நட்சத்திரம் உத்திரம். அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை அறை கேட்டது எனக்குத்தான். நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

இங்கே குறை என்று ஒன்றும் இல்லை. மகன் நல்லவன், மருமகள் திவ்யதர்ஷினி அதைவிட நல்லவள். மூன்று வேளையும் சாப்பாடு மேசைக்கு வருகிறது. ஆனால் நானும் செட்டியாரும் இங்கே வந்த பதினொரு வருஷமாக அடுப்பு என் கையில் இல்லை. அவர் இருந்தவரை அது தெரியவில்லை. கண்ணாடி போல ஒரு அடுப்பு, அதை நான் தொட்டால் எல்லோரும் ஓடி வருகிறார்கள். லிப்ட்டில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பதினேழாவது மாடிக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் "வேறு வைப்பார்கள்". வீடு ஒன்றுதான், கூரை ஒன்றுதான். அடுப்பு மட்டும் தனி. அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்து, இனி உன் குடும்பத்தை நீ நடத்து என்று விட்டுவிடுவார்கள். எதிர் அறையில் என்ன குழம்பு என்று வாசனை தெரியும், கேட்க மாட்டோம். கோபித்துக்கொண்டு பிரிவதில்லை. பிரிந்துகொண்டு கோபமில்லாமல் இருப்பது.

உங்கள் நோட்டை வைத்து நான் கணக்குப் போட்டேன். மூன்று அறை வீடு எழுநூறுக்கு ஒரு வாரத்தில் இறங்குகிறது என்று எழுதினீர்கள். ஒற்றை அறை இருநூற்று ஐம்பது. முன்னறை எனக்கு. அதைக் கழித்தால் உங்கள் பங்கு நானூற்று ஐம்பது. அதாவது நீங்கள் பதினொரு வருஷமாகச் சரியான வாடகைதான் கொடுத்து வந்திருக்கிறீர்கள். அறுநூறு வேண்டாம். விலைக்கு மேல் வாங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

அழகுவிடம் இதை எழுதிக் காட்டினேன்.

"என்னம்மா, சொந்த வீட்டுக்கு வாடகைக்குப் போறீங்களா?"

"இல்லப்பா, வேறு போறேன். உன்னை வேறு வைக்க வேண்டியது, காலத்துல வைக்கல. இப்ப நான் போறேன்."

"அந்த ஏரியாவுல ஆயிரம் வரும்மா."

"போர்டுல வரும். பத்துமலை தம்பி பதினேழு வீடு பாத்துட்டு எழுதியிருக்காரு, படி."

முழுவதும் படித்தான். இந்தத் தடவை ஒரு வரி விடவில்லை. பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, குளியலறைப் படி ஒரு சாண் நாலு விரல் என்றால் எத்தனை அங்குலம் என்று கேட்டான்.

யுகேந்திரன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஏஜன்ட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. நீங்களும் பிளாட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஆனால் ஒரே கூரையில் இருக்கத் துளசிக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதுங்கள். அவள் வேண்டாம் என்றால் நான் வேறு யோசிக்கிறேன். உங்களை வெளியே போகச் சொல்லமாட்டேன். சம்மதம் என்றால் ஆவணி பிறந்து முதல் புதன்கிழமை வருகிறேன். முன்னறைச் சாவி என் முந்தானையில்தான் இருக்கிறது.

செகப்பி


முருகன் துணை

சிலிபின்
12.8.2025

என் மரியாதைக்குரிய ஆச்சி அவர்களுக்கு,

சம்மதம் என்று துளசி போனில் சொல்லிவிட்டாள், உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

அவள் உடனே சொல்லவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் வாசித்துக் காட்டியபோது, "வீட்டுக்காரம்மாவோட ஒரே வீட்டுலயா? டிவிய சத்தமா போட முடியாதுலா, கருவாடு வறுக்க முடியாதுலா, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து பகல்ல தூங்குனா சோம்பேறின்னு நெனப்பாங்க" என்றாள். மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து, "அந்த வேறு வைக்கிற எடத்த திரும்ப வாசிங்கப்பா" என்றாள். வாசித்தேன். "என்ன கொழம்புன்னு கேக்க மாட்டாங்களா?" "கேக்க மாட்டாங்களாம்." "அப்ப சரி." பிறகு திரும்பி வந்து, "கருவாட்ட மட்டும் கேட்டு எழுதுங்க" என்றாள். ஆகவே கேட்கிறேன். கருவாடு பரவாயில்லையா?

குளியலறைப் படிக்குக் கீழே இன்னொரு பாதிப் படி கட்டிவிட்டேன். இப்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய எட்டு விரல்தான். சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி வேண்டும் என்று அழகு சார் பணம் அனுப்பியிருந்தார். மாட்டியாகிவிட்டது. நான் தொங்கிப் பார்த்தேன், தாங்குகிறது. உங்கள் அடுப்புக்கு முன்னறை ஜன்னலடியில் சிமெண்டு மேடை போடலாம். சாவி உங்களிடம் இருப்பதால் நீங்கள் வந்துதான் கதவு திறக்க வேண்டும்.

14ஆம் நம்பர் போர்டு நேற்று இறங்கிவிட்டது. எழுநூற்று ஐம்பதுக்கு யுகேந்திரன் குடும்பம் எடுத்திருக்கிறது. அந்த அம்மா கேட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்களும் புதன்கிழமைதான் பால் காய்ச்சுகிறார்கள். நம் ரோட்டில் ஒரே நாளில் இரண்டு வீட்டில் பால் பொங்கும். இனி புல் வெட்டுவார்கள், கொசு குறையும்.

நோட்டில் இன்று கடைசியாக ஒரு வரி எழுதினேன். "நம் வீடு, முன்னறை. 250. போர்டு ஏறவில்லை." டீச்சரிடம் காட்டினேன். சிவப்பு மையில் சரி போட்டுக் கொடுத்தார். அடுத்து என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். வீட்டுக்காரரே வீட்டுக்குள் வந்துவிட்ட பிறகு கடிதம் எதற்கு என்று வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேரில் பேசினால் நான் ஆமாம், சரி, நல்லது என்று மூன்று சொல்லோடு நின்றுவிடுவேன். எழுதினால்தான் இத்தனை வருகிறது. ஆகவே நீங்கள் வந்து இறங்கி, சாமான் எல்லாம் அடுக்கி முடித்ததும் கதவடியில் பாருங்கள். அடுத்த வாரக் கடிதம் அங்கே கிடக்கும். ஸ்டாம்பு இருக்காது.

இப்படிக்கு
பின் அறையிலிருந்து
பத்துமலை